உதடு அசைந்த குற்றத்துக்கு

திருநாவுக்கரசு மாமாவுக்குச் சத்தம் போடாமல் படிக்க வராது. செய்தித்தாளானாலும் கரண்ட் பில்லானாலும் வாய்விட்டுத்தான் படிப்பார். கல்யாணமான புதிதில், உள்ளறையில் யாரோ வந்து அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, என் அக்கா வினோதினி இரண்டு தம்ளர் டீ கொண்டுபோயிருக்கிறாள். உள்ளே மாமா மட்டும் உட்கார்ந்து மிக்சி வாங்கிய கடையின் உத்தரவாத அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாராம்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் அவருடைய அப்பா பக்கிரி. குமராட்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர். கூலி வேலை. எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவர், மகன் படிக்கிறானா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்? காதால்தான் முடியும். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம் சத்தம் நின்றால், "என்னாடா, அங்க சத்தத்தயே காணோம்?" என்று குரல் வரும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் பிள்ளைகள் இப்படித்தான் படித்தோம். நான் கல்லூரி விடுதிக்குப் போனதும் நாலு பேர் சிரித்தார்கள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. மாமா பாலிடெக்னிக்குக்கு வீட்டிலிருந்தே மினிபஸ்ஸில் போய்வந்தவர். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

கடலூருக்குத் தெற்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக அவர் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். எந்தக் குழாயில் எந்த அளவுமானி பொய் சொல்லும், எந்தப் பம்ப் மழை நாளில் மட்டும் தானாக நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் டிப்ளமோ. புதிதாக வரும் இன்ஜினியர்களுக்கு ஆறு மாதம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். ஏழாவது மாதத்திலிருந்து அவர்களை 'சார்' என்று கூப்பிடுவார்.

போன வருஷம் கம்பெனியில் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்று ஒரு பிரிவு தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். தொட்டி, பம்ப், அலாரம், சாஃப்ட்வேர், அதை ஓட்டுகிற ஆள் என்று தனித்தனியாக ஒவ்வொன்றும் நன்றாக இருந்தால் போதாது. எல்லாம் சேர்ந்து ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ஒன்று இன்னொன்றோடு சேரும் இடத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் படிப்பு. நான் இப்படி விளக்கியதும் மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இதத்தான மச்சான் நான் பதினாறு வருஷமா செஞ்சிகினு இருக்கேன். இதுக்கு ஒரு பேர் இருக்குதா?"

மேலாளர் சுப்பிரமணியன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "டிகிரி இல்லன்னா பரவால்ல அரசு. வெளிநாட்டு அமைப்பு ஒண்ணு ஆன்லைன்லயே பரிட்சை வெச்சி சர்டிபிகேட் தருது. மார்ச் முடியறதுக்குள்ள அத வாங்கிக்கினு வா. லிஸ்ட்ல உன் பேரப் போட்டுடறேன். அப்புறம்னா என் கையில இல்ல."

மாமாவுக்கு அப்போது முப்பத்தொன்பது முடியப்போகிறது. ஷிப்டிலிருந்து வெளியே வர, பெயருக்குப் பின்னால் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள, அதைவிட்டால் வேறு வழி வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

நான் சிதம்பரத்தில் மாடியறை ஒன்றில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டதாரி நான்தான். தாலுகா ஆபீசில் வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை இன்றும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். கட்டணச் சலுகைக்காக வாங்கியதுதான். ஆனாலும் அது எனக்குப் பெருமை. எனவே மாமா பரிட்சைக்குப் பதிவு செய்யும் வேலையை என்னிடம் விட்டதில் ஆச்சரியமில்லை. என் மின்னஞ்சலைக் கொடுத்து நானே பதிவு செய்தேன்.

ஐந்து மாதம் படித்தார். வீடியோ வகுப்புகளை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவார். கீழே ஓடும் ஆங்கிலத்தைச் சத்தமாகப் படிப்பார், பிறகு அதைத் தமிழில் தனக்கே சொல்லிக்கொள்வார், "ஆங்" என்று ஒரு தலையாட்டல், அப்புறம்தான் அடுத்த வாக்கியம். ஒரு மணி நேர வகுப்பு அவருக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் படித்தது நின்றது. வெரிஃபிகேஷனுக்கும் வேலிடேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் சோதித்துப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல கேட்ட இடத்துல, கேட்ட சத்தத்துல அலாரம் வெச்சிட்டோமா, அது வெரிஃபிகேஷன். அலாரம் அடிச்சா எவனாவது ஓடி வரானா, அது வேலிடேஷன். நம்ம ப்ளான்ட்ல அலாரம் ஜாஸ்தி மச்சான். அடிச்சா ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

எந்தப் புத்தகத்திலும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சிதம்பரம் வருவார். பஸ்ஸிலும் அச்செடுத்த தாள்களை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பு. பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தி, "எந்தக் கோயிலுக்குப்பா வேண்டுதல்?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார். என் அறையில் கூடக் குடியிருந்த எழிலன் சிரித்தது வேறு மாதிரி. அவன் சென்னைப் பள்ளியில் படித்தவன். "யாருடா அது, உள்ள கதாகாலட்சேபமா?" என்றான், மாமாவுக்குக் கேட்கிற மாதிரியே.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமாவிடம் போய், "கொஞ்சம் மனசுக்குள்ள படிங்களேன் மாமா" என்றேன்.

"சரி மச்சான்."

அன்றிலிருந்து சத்தம் நின்றது. உதடுகள் மட்டும் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் விறுவிறுவென்று அசையும். அடுத்த வாரங்களில் மாதிரித் தேர்வுகளில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் வாங்கினார். அவரை நாகரிகமாகப் படிக்க வைத்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பரிட்சைக்குப் பத்து நாள் முன்பு விதிமுறைகள் வந்தன. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். "நீயே பாத்துட்டுச் சொல்லு மச்சான், படிச்சவன் நீதான்" என்றார் போனில். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் ஓட்டிப் பார்த்தேன். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, மேசை காலியாக இருக்க வேண்டும், போன் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், கேமராவால் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். எல்லாம் சொன்னேன். கேள்வியை வாய்விட்டுப் படிப்பதோ, உதட்டை அசைப்பதோ, முகத்தை மறைப்பதோ கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதையும் என் கண் பார்த்தது. யாருடனாவது பேசி விடை வாங்குகிறவர்களுக்காகப் போட்டது என்று எண்ணித் தாண்டிப் போய்விட்டேன். உதட்டை அசைத்துப் படிக்கிற ஒரு மனிதர் ஐந்து மாதமாக என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த வரியும் அவரும் என் மூளையில் சந்திக்கவே இல்லை.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, என் அறையில் பரிட்சை. எழிலனை வெளியே அனுப்பினேன். சுவரில் இருந்த காலண்டரைக்கூடக் கழற்றினேன். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரப் பரிட்சை. நாற்பது நிமிஷத்தில் கதவு திறந்தது.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா மாமா?"

"நான் முடிக்கல. அவுங்க முடிச்சிட்டாங்க."

அவரை உட்கார வைத்துக் கேட்டேன். முப்பத்தெட்டாவது கேள்வி வரை எல்லாம் தெரிந்த கேள்விகளாம். திடீரென்று திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்திருக்கிறது. உதட்டை அசைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம்.

"அத நான் படிச்சேன் மச்சான்."

"சரி."

"எப்பயும் போலத்தான் படிச்சேன்."

அந்த எச்சரிக்கையையும் உதட்டை அசைத்தே படித்திருக்கிறார். எங்கோ உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபடி அதே கட்டம் வந்திருக்கிறது. இம்முறை அர்த்தம் புரிந்ததும் மாமா கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டே நாலைந்து கேள்விக்கு விடை போட்டிருக்கிறார். முகத்தை மறைத்ததாகச் சொல்லித் திரையை அணைத்துவிட்டார்கள்.

"கை எப்ப மேல போச்சின்னே தெரியல மச்சான்" என்றார். சொல்லும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கிரி, பண்ணை வீட்டு வாசலில் அப்படி வாய் பொத்தி நின்றுதான் கூலி கேட்பார் என்று மாமாவே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று நான் அதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

மேல்முறையீடு எழுதினேன். இவர் காப்பி அடிக்கவில்லை, இது அவர் படிக்கிற முறை, சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் என்று நான் கற்ற ஆங்கிலத்தையெல்லாம் இறக்கி எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. விதி முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது என்று சொல்லி, அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். தொண்ணூறு நாள் கழித்து மறுபடி எழுதலாம். கடிதம் என் மின்னஞ்சலுக்கு வந்ததால் நான் மட்டும்தான் பார்த்தேன். மாமாவிடம் தொண்ணூறு நாளை மட்டும் சொன்னேன்.

மார்ச் முடிந்தது. சிஸ்டம்ஸ் பிரிவுக்குப் பாலகுமார் என்பவரைப் போட்டார்கள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆன இன்ஜினியர்; அதே பரிட்சையை எழுதித் தேறியவர். சுப்பிரமணியன் மாமாவிடம், "என்ன பண்றது அரசு, சர்டிபிகேட் இல்லாம நான் எப்படிப் பேரப் போடறது?" என்றாராம்.

அது போகட்டும். ஏப்ரலில் பண்ருட்டியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில் மாமாவின் பங்காளி சின்னையன் உட்கார்ந்திருந்தார். சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்னா அரசு, பரிட்சயில காப்பி அடிச்சன்னு தொரத்திட்டாங்களாமே? இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா பிட்டு?"

நாலு பேர் சிரித்தார்கள். அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு நின்றாள்.

மாமா நிதானமாகச் சொன்னார்: "காப்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய அசைச்சன்னு நிறுத்திட்டாங்க. அப்படி ஒரு ரூல்ஸே கெடையாது. என் மச்சான் ரெண்டு பக்கத்தயும் ஒரு வரி விடாம படிச்சான். இன்ஜினியரிங் படிச்சவன். இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டானா? கேளு, இதோ உக்காந்திருக்கான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஆமாம் என்பது போலவும் எடுத்துக்கொள்ளலாம், சோறு போதும் என்பது போலவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூனில் தொண்ணூறு நாள் முடிந்தது. மறுபடி எழுதச் சொல்லலாம் என்று கடலூர் போனேன். ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு, முந்தின ராத்திரி மழையில் நனைந்திருந்த தொழிற்சாலை வாசலில் காத்திருந்தேன். மாமா வெளியே வந்து என்னோடு பேச ஆரம்பிக்கும்போதே, பின்னாலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. பாலகுமார்.

"அண்ணா, அந்த ரெண்டாம் நம்பர் பம்ப் மறுபடி தானா நின்னுடுச்சி. என்ன காரணம்னே புடிபடல."

"டாக்குமென்ட்ல இருக்கும் பாருங்க சார்."

"பார்த்தேன்ணா. அதுல ஒண்ணும் இல்லயே."

"அதுல இல்லன்னா எனக்கும் தெரியாது சார்."

பாலகுமார் பைக்கைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பம்ப் ஏன் நிற்கிறது என்று மாமா எனக்கே இரண்டு முறை விளக்கியிருக்கிறார். மழை ஈரம் ஒரு இணைப்புப் பெட்டிக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான்.

"என்ன மாமா, தெரிஞ்சதுதான. சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீயுந்தான் சொல்லியிருக்கலாம் மச்சான்."

கோபமில்லாத குரல். பாலகுமாருக்கு வந்த விதிமுறைத் தாளைச் சாப்பாட்டு இடைவேளையில் வாங்கிப் படித்திருக்கிறார். முதல் பக்கம், ஏழாவது வரி.

"எனக்கு அது தோணவே இல்ல மாமா. பாத்தேன். பாத்தும் தோணல."

"சரி உடு. அத அன்னிக்கே சொல்லியிருந்தா, மறந்துட்டான்னு உட்டுருப்பேன். பந்தியில நாலு பேரு முன்னால உன் பேரச் சொல்லி சத்தியம் பண்ணாத கொறையா பேசினேன் பாரு, அப்பயும் உக்காந்து சோறு தின்ன." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "நீ எதுக்கு வந்தன்னு தெரியும். நான் எழுதல."

"ஏன் மாமா? எல்லாமே தெரியும் உங்களுக்கு."

"லிஸ்ட்டுதான் முடிஞ்சி போச்சே. அப்புறம் யாருக்குக் காட்டறதுக்கு?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். என்னையும் வரச் சொல்லி அழைத்தார். அழைக்காமல் இருக்கிற மனிதர் அல்ல. நான் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் திரும்பிவிட்டேன்.

இப்போதும் அக்கா வீட்டுக்குப் போனால் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார், பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சாப்பிடுகிறார். போன மாதம் அவர் மகளுக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று வந்திருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதுநகரில் ஜெராக்ஸ் கடையில் நிரப்பித் தருகிறார்களாம் என்று கிளம்பிப் போனார்.