புகை வராத அடுப்பு

பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட இரண்டு கம்ப்ரசர் டேங்குகள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. தலையை அறுத்து, சின்னதைப் பெரியதற்குள் இறக்கி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, விளிம்பில் வெல்டிங் வைத்தேன். கீழே காற்று நுழைய ஓட்டைகள். உள்சுவரில் மேலே ஒரு வரிசை ஓட்டைகள். நுழைகிற காற்று நடுவில் சூடேறி மேலே வந்து, புகையையும் சேர்த்து எரித்துவிடும். செல்போனில் பார்த்துக் கற்றது.

அக்காவுக்காகச் செய்தேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ரோட்டோரத்தில் அவளுக்கு இட்லிக் கடை. முந்திரி ஓடுதான் எரிப்பாள். அதில் எண்ணெய் உண்டு, கறுப்பாகப் புகையும். இருபது வருடம் அதைக் குடித்து மார் கெட்டுவிட்டது. இருமல் வந்தால் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் கடையை மூடச் சொன்னார். அவள் மூடவில்லை.

புது அடுப்பில் புகையே இல்லை. வெயிலில் தீயும் சரியாகத் தெரியாது. சாப்பிட வந்த பெரியவர், “ஏத்தா, அடுப்பு எரியுதா, இல்ல வெயில்லயே வேக வைக்கிறியா?” என்றார். “வெந்திருக்குல்ல, தின்னுட்டுக் கெளம்புங்க” என்று சிரித்தாள். சிரிப்பின் நடுவில் இருமவில்லை. அதைக் கவனித்தேன்.

எட்டாம் நாள் காலை. இட்லிப் பானையை இறக்கிவிட்டுச் சாம்பார் வைக்கப் போனாள். ஏழு நாள் சமைத்தும் இருபது வருடப் பழக்கம் போகவில்லை; அவளுக்குப் புகை இல்லாத அடுப்பு அணைந்த அடுப்பு. ஒரு முறம் முந்திரி ஓடுகளைக் கொட்டி, குனிந்து வாயால் ஊதினாள். எண்ணெய் பற்றித் தீ முகத்துக்கு எழுந்தது.

கண் இரண்டும் போயின. ஆஸ்பத்திரியில், “பொகையக் காணோம்டா. அணஞ்சிருச்சுன்னு நெனச்சேன்” என்றாள். அவ்வளவுதான். அவள் குனிந்து ஊதுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஊதாதே என்று சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான்.

அதன் பிறகு என் வீட்டில் ஐந்து வருடம் இருந்தாள். இருமல் நின்றுவிட்டது. அடுத்த அறையில் அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அவள் போன பிறகும் அது கேட்கிறது.

இப்போது தோட்டத்தில் வைத்துக் கறி சுட இந்த அடுப்பைக் கேட்டு என் பட்டறைக்கு வருகிறார்கள். செய்து கொடுக்கிறேன். மேல் வரிசையில் நாலு ஓட்டை மட்டும் போடுவதில்லை. ஒரு கோடு புகை வரும். போன வாரம் ஒருவர் திருப்பி எடுத்துவந்தார்.

“பொகையுதுண்ணே. நாலு ஓட்டை விட்டுப்போச்சு, பாக்கலையா?”

“பாத்தேன். இருக்கட்டும்.”

வேறு பட்டறையில் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

“போட்டுக்கங்க. வீட்ல மட்டும் சொல்லிருங்க, குனிஞ்சு ஊதக் கூடாதுன்னு.”

“இந்தக் காலத்துல யாருண்ணே வாயால ஊதுறா?” என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றினார்.