செல்வராணியின் இரண்டாவது நாடா

கடந்த புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்குச் சிட்னியின் கிரவீன் பகுதியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. செல்வராணி இறந்தது வியாழன் என்று சிலர் சொல்லி வருகின்றனர். வியாழன், மரண அறிவித்தல் அச்சாகி வந்த நாள். "அங்கிள், அம்மா விடியக்காலமை போயிட்டா," என்றார் அவருடைய மகள். அந்த அறிவித்தலில் செல்வராணியை "அடக்கமே உருவானவர்" என்று எழுதியிருந்தார்கள். சிட்னியில் அவரோடு ஒரே கணினி அறையில் எட்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அதை நான் மறுக்கிறேன்.

1974ஆம் ஆண்டு. அவர் நிரல் எழுதுபவர். நான் இயந்திரத்தை ஓட்டுபவன். ஆற்று வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கு வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் வரை ஓட வேண்டும். கரையோரப் பள்ளத்தில் வீடு கட்ட விடலாமா என்று நகரசபையின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முடிவு செய்யும். எங்கள் விடை போய்ச் சேராவிட்டால், பழைய வரைபடத்தை நம்பி அனுமதி கொடுத்துவிடுவார்கள்.

இயந்திரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக, அதுவரையான கணக்கை மணிக்கொரு முறை காந்த நாடாவில் பதிவோம். நாடா ஒன்றே போதும், பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதுங்கள் என்பது மேலாளரின் கட்டளை. எனக்கும் அது சரியாகவே பட்டது.

"பழசை அழிச்சுப் புதுசை எழுதேக்க மிசின் நிண்டா, உங்கட கையில என்ன மிஞ்சும் அண்ணை?" என்று கேட்டார் செல்வராணி.

"சரியா அந்த நிமிசத்தில நிக்குமோ?"

"ஒருக்கா நிண்டால் காணும், எல்லாம் போயிடும்."

சனிக்கிழமை காலை நான் பணிக்கு வந்தபோது, என் பட்டியலில் இல்லாத நாடாவொன்று இரண்டாவது நாடாச் சுழலியில் இருந்தது. அதில் ஒட்டிய துண்டில், மேலாளர் வாசிக்க முடியாதபடி, தமிழில்: "கழற்ற வேண்டாம். செ." நம்பிக்கையால் அதை விட்டுவைத்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவருடைய நிரல் இரண்டு நாடாக்களிலும் மாறிமாறி எழுதிக்கொண்டிருந்தது; கழற்றினால் கணக்கு நின்றுவிடும். ஆகவே "அனுமதியற்ற நாடா" என்று பதிவேட்டில் எழுதி, நேரமும் குறித்தேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, முதல் நாடாவில் எழுதிக்கொண்டிருந்தபோதே, மின்சாரம் போயிற்று. அந்த நாடாவில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இரண்டு மணிப் பதிவு அனுமதியற்ற நாடாவில் பத்திரமாக இருந்தது. இழந்தது ஒரு மணி நேரம். விடை கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது; பள்ளத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை.

புதன்கிழமை என் பதிவேட்டைப் படித்த மேலாளர், இனி இப்படிச் செய்வதில்லை என்று கையொப்பமிடும்படி செல்வராணியிடம் கடிதமொன்றை நீட்டினார். அவர் என் பேனாவை வாங்கி, "அடுத்த முறையும் இரண்டு நாடா" என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன்கீழ் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன்.

"எழுதிறது உங்கட வேலை அண்ணை. நேரத்தைப் பிழையில்லாமல் எழுதினீங்களோ?"

"ஒன்பது பன்னிரண்டு."

"அப்ப சரி. தேத்தண்ணி குடிக்க வாங்கோ."

அதன்பின் அவருடைய எந்த நீண்ட கணக்கும் ஒற்றை நாடாவில் ஓடியதில்லை. எவரும் அனுமதி கொடுக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை.

புதிய பிரதியை முழுதாக வாசித்துப் பார்க்கும்வரை பழையதைத் தொடாத பழக்கமே அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. இக்கட்டுரையையும் இரண்டு கொப்பிகளில் எழுதியிருக்கிறேன். நினைவு மலர் தயாரிப்போர் இதில் "அடக்கம்" என்ற சொல்லைப் புகுத்துவார்களேயானால், மற்றக் கொப்பி என்னிடம் இருக்கிறது.