யார் பேரில் வீடு

ஸ்வீடனிலிருந்து வந்த அந்தப் பழுப்பு உறையை அப்பா உடனே பிரிக்கவில்லை. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் ஜன்னலில், வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். யாராவது முன்பே பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தை நகத்தால் சுரண்டினார். எழுபதுகளின் கடைசி அது. அரசாங்க ஃபைல்களோடு புழங்கிப் புழங்கி, பெற்ற பிள்ளை சொல்வதைக்கூட இரண்டு சாட்சி இல்லாமல் நம்பாதவராகிவிட்டிருந்தார்.

அக்கா அங்கே நர்ஸ். அவளும் அத்தானும் ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் உரிமையைப் பதிவு செய்யக் கோர்ட்டில் மனுப் போட வேண்டுமாம். ‘லாக்ஃபார்ட்’ என்று அதற்குப் பெயராம். வீடு யாருடையது என்று யார் எழுதிக் கேட்டாலும் சொல்வார்களாம். முந்தின கடிதத்தில் இதையெல்லாம் பெருமையாக எழுதியிருந்தாள், பாவி மகள். அப்பா அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். “இவ ராத்திரி பகலா சம்பாதிச்சதை அவன் தன் பேருல எழுதிக்கிட்டாம்னா என்னல செய்வ?” என்று என்னிடம் கேட்டார். அக்காவுக்குத் தெரியாமல் அந்தக் கோர்ட்டுக்கே நேராகக் கடிதம் போட்டுவிட்டார். அதற்கு வந்த பதில்தான் இந்தப் பழுப்பு உறை.

அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முனிர்காவில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட் அரசாங்கம் ஒதுக்கியது; அதை விற்கச் சொந்தக்காரருக்கு அனுமதி கிடையாது. அப்போது டெல்லியில் பலரும் செய்ததுபோல் அப்பாவும் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவரிடம் ‘பவர்’ என்ற அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார். எழுதிக் கொடுத்தவர் மண்டையைப் போட்டால் பவரும் போச்சு. அதனால் மாதாமாதம் ஆப்பிளோடு போய் அந்தப் பஞ்சாபிப் பெரியவரை நலம் விசாரித்துவிட்டு வருவார். பெரியவர் இருமினால் அப்பாவுக்குச் சோறு இறங்காது.

ஒருவழியாக உறையைப் பிரித்தார். ஆங்கிலத்தில் இரண்டே வரி. வீடு அக்காவுக்குப் பாதி, அத்தானுக்குப் பாதி. நான்கு முறை படித்தார். மகள் ஏமாறவில்லை என்ற சந்தோஷம் முகத்தில் வரவே இல்லை. “மருமவனே டைப் அடிச்சு அனுப்பியிருப்பானோ?” என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். அக்காவின் பேர் எங்கே என்று என்னிடம் கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவினாள்.

“என் வளையல் எட்டையும் வித்துத்தான முனிர்கா வீட்டை வாங்குனிய? அந்தப் பவருல எம்பேரு எங்க இருக்கு?”

குரலில் சண்டை இல்லை. அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தா?”

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நியாயமாக நான்தான் அம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதுதான் உறுத்துகிறது.