மூணு பவுண்டு

ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் கேஜ் பார்ப்பது என் வேலை. அழுத்தம் காட்டும் கேஜ்களைக் கழற்றி வந்து, மேஜைமேல் வைத்து, அவை உண்மை பேசுகின்றனவா என்று சோதித்துத் திரும்ப மாட்டுவேன். உப்புக்காற்று இரும்பைத் தின்கிற இடத்தில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். பொய் சொல்கிற முள்ளைக் கண்டால் ஆகவே ஆகாது.

என் அறைச் சுவருக்கு அப்பால் பாய்லர் கூடம். அங்கே நிலக்கரி அள்ளிப் போடுகிறவன் வண்ணாரப்பேட்டைக்காரன், என் வயதுக்காரன். நான் அவனை பாய் என்பேன். அவன் என்னை மாமு என்பான், கடுப்பானால் கஸ்மாலம். சுவரைத் துளைத்துக்கொண்டு உபயோகமில்லாத பழைய குழாய் ஒன்று இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். கரி போட்டு முடிக்கும்போதெல்லாம் அதில் மூன்று தட்டு தட்டுவான். ணங், ணங், ணங். சேர்ந்த புதிதில் நான் விழுந்தடித்து ஓடினேன்.

"இன்னா பாய், இன்னாச்சு?"

"ஒண்ணியும் ஆவல, மாமு."

"அப்ப இன்னாத்துக்கு தட்ற?"

"ஒண்ணியும் ஆவலன்னு சொல்றதுக்குத்தான். எனக்கு முன்னாடி இங்க இருந்த ஆளு சூட்டுல மயங்கி வுழுந்து, ஒரு மணி நேரம் எவனும் பாக்கல. நான் தட்டுனா நீ குந்திகினு இரு. தட்டலன்னா ஓடியா."

வேலையற்ற வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் டிரான்ஸ்மிட்டர். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பாய்லரின் அழுத்தத்தை ஒரு பக்கம் வாங்கி, அதற்குத் தகுந்த அளவு காற்றை மறுபக்கம் மெல்லிய செம்புக் குழாயில் அனுப்பும். கீழே அடுப்பு முன்னால் ஒரு பலகையில் இருக்கும் முள் அந்தக் காற்றைக் கொண்டு அழுத்தத்தைக் காட்டும். பழைய கேஜ் பாய்லர் தலையில், கரிபடிந்த கண்ணாடியோடு இருந்தது. இனி பாய் ஏணி ஏற வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். அதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

கூட வந்த புத்தகத்தின் பக்கங்கள் கடல் தண்ணீரில் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. பிரித்ததில் 'பதினைந்து பவுண்டு வரை' என்பது மட்டும் தெரிந்தது. எங்கிருந்து பதினைந்து வரை என்பது பிய்ந்துபோயிற்று. மறுநாளே மாட்டியாக வேண்டும் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார்.

மேஜையில் வைத்து, அது இயங்குவதற்கான காற்றைக் கொடுத்தேன். அழுத்தம் எதுவும் ஏற்றவில்லை, ஆனாலும் மறுபக்கம் மாட்டிய கேஜ் மூன்று பவுண்டு காட்டியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒன்றுமில்லாதபோது மூன்றா? "ஏன்டா, வந்ததும் வராததுமா பொய்யா?" என்று அதைத் திட்டியபடி ஸ்க்ரூவைத் திருகினேன். முள் இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு சோதனைக்கு அழுத்தம் கொடுக்கும் எண்ணெய் பம்பின்மேல் எடைகளை அடுக்கி, அதன் உச்ச அளவான இருநூறு பவுண்டு ஏற்றினேன். பதினைந்துக்கு வர வேண்டியது பன்னிரண்டோடு நின்றது. கப்பலில் அடிபட்டிருக்கும், பாய்லர் எங்கே இருநூறுக்குப் போகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழே வெட்டிய மூன்றுதான் மேலே காணாமல் போனது என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. 'சரி' என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கட்டினேன்.

மறுநாள் மாட்டி, அடுப்பு மூட்டினார்கள். வெகுநேரம் பலகை முள் அசையவே இல்லை.

"இன்னா மாமு, நெருப்பு கபகபன்னு எரியுது, உன் முள்ளு தூங்கினுகீது?"

"புது மெஷினு பாய். போடு, ஏறும்."

என் வாயால்தான் சொன்னேன். அவனும் நம்பிப் போட்டான். முள் மெதுவாகக் கிளம்பியதும் நான் பெருமையோடு அறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

ணங், ணங், ணங்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுகிற தட்டு. ஒன்றுமில்லாதபோதும் மூன்று. ஐயோ, அந்த மூன்று பவுண்டு பொய்யே இல்லை! 'நான் உயிரோடு இருக்கிறேன், சொல்ல ஒன்றுமில்லை' என்று அது தட்டிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

ஓடினேன். "கரி போடாத பாய்!" என்று கத்திக்கொண்டே ஏணியில் ஏறிச் சட்டையால் பழைய கண்ணாடியைத் துடைத்தேன். கீழே பலகையில் நூறு. இங்கே நூற்றைம்பது. சிவப்புக் கோட்டுக்குப் பத்தே பவுண்டு பாக்கி. பலகை முள்ளுக்கு மூன்று பவுண்டு காற்றுதான் பூஜ்யம்; மேஜையில் நான் திருகி எடுத்த அந்த மூன்று, இங்கே ஐம்பதை மறைத்திருந்தது. நான் கூவியதும் அவன் காரணம் கேட்கவில்லை. நெருப்புக்குக் கீழிருந்து போகிற காற்றை அடைத்தான், சூடு தணிய அடுப்புக் கதவைத் திறந்துவிட்டான். முள் இறங்கத் தொடங்கியபோது ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். இன்னும் நாலு கரண்டி போட்டிருந்தால் அவன் கதி என்ன? பாதுகாப்பு வால்வு இருந்தது, வாஸ்தவம்தான். அதை நம்பி என் தோழனை அடுப்பு முன்னால் நிறுத்த நான் யார்?

இன்ஜினீயரிடம் நானே போய்ச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பாயிடம் வந்தேன்.

"அது உன்ன மாதிரி பாய். சும்மா இருந்தாலும் மூணு தட்டு தட்டும். நான் நிறுத்திட்டேன்."

"கஸ்மாலம்," என்றான். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "என் தட்ட மட்டும் நிறுத்திடாத."

வேலையிலிருந்து நின்றபிறகு நான் காலடிப்பேட்டையில் இருந்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாய் பஸ் பிடித்து வந்து, என் வீட்டு இரும்புக் கதவில் மூன்று தட்டு தட்டுவான். "இன்னா பாய்?" என்பேன். "ஒண்ணியும் இல்ல மாமு" என்பான். டீ குடித்துவிட்டுப் போவான். வருஷக்கணக்காக இதேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கதவு தட்டப்படவில்லை. நாலு மணி வரை பார்த்தேன். சட்டையை உள்பக்கம் வெளியாக மாட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் அவன் வீட்டுக்கு ஓடினேன்.

இரும்புக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தான். என்னைப் பார்த்ததும் கையை மட்டும் தூக்கி, கட்டில் சட்டத்தில் விரலால் மூன்று தட்டு தட்டினான்.