நீலம் எந்தப் பக்கம்

அந்தக் கிடங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். எல்லோருக்கும் அவர் கொக்கி அண்ணன். ஆளைத் தூக்கிக்கொண்டு உயரே போகும் பூம் லிஃப்ட் வண்டியை ஓட்டுவது அவர் வேலை. கூடைக்குள் கால் வைத்ததும் இடுப்பு வாரின் கொக்கியைக் கம்பியில் மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் மூச்சே விடுவார். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் வீட்டில் மின்விசிறி துடைக்க ஸ்டூல் மேல் ஏறும்போதும் இடது கை தானாக இடுப்பைத் தடவிக் கொக்கியைத் தேடும். அவர் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பயந்த சுபாவம் என்று சிலர் நினைப்பார்கள். உயரத்தைக் கண்டு அவருக்கு ஒரு பயமும் கிடையாது. மறதியைக் கண்டுதான் பயம். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் குளியலறையிலிருந்து வெளியே வந்து, தன் வீட்டுக் கூடத்திலேயே நின்றுகொண்டு, "எங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டவர். பக்கத்தில் நின்று அதைக் கேட்டவர் கொக்கி அண்ணன். அன்றிலிருந்து எதையும் இரண்டு தரம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். பாவம், அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது.

அந்த வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. கூடையைத் தாங்கும் நீண்ட கை, அடியிலிருக்கும் வண்டியின் மேல் சுற்றித் திரும்பும். கூடையில் நிற்கிறவரும் அதோடு திரும்பிவிடுவார். சக்கரங்களுக்கு அந்தச் சங்கதி தெரியாது. வண்டியின் முன்பக்கம் முன்பக்கமாகவேதான் இருக்கும். ஆகவே முழுசாகத் திரும்பி நிற்கிற ஆள் முன்னே போகலாம் என்று வண்டியை நகர்த்தும் கம்பைத் தள்ளினால், வண்டி அவர் முதுகுப் பக்கமாகப் போகும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் அம்புகள். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு நீல அம்பு, பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் அம்பு. கூடையிலிருக்கும் கம்பிலும் அதே இரண்டு நிறங்கள். எந்தப் பக்கம் போகவேண்டுமோ, கீழே அந்தப் பக்கத்து நிறத்தைப் பார்த்துவிட்டு, கம்பை அதே நிறத்துக்குத் தள்ளினால் போதும்.

"கை பழக்கத்துல போகும், அதை நம்பாதீங்க. கண்ணு அம்பைப் பார்த்துச் சொல்லும், அதை நம்புங்க" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு அவர்கள் காது புளித்துப்போகும்.

ஒட்டிய அம்புகள் வண்டிக்குத் தண்ணீர் அடிக்கும்போதெல்லாம் உரிந்து தொங்கின. அது அவர் கண்ணை உறுத்தியது. காந்தத் தகட்டில் அம்பு அடித்து வாங்குவோம், கழுவும்போது எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம் என்று யோசனை சொன்னவர் அவரேதான். நல்ல யோசனை என்று சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். வண்டியைக் கழுவுவது கீழே நிற்கும் ஆளின் வேலை. அந்த ஆள் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் கொக்கி அண்ணன்தான். மேலே ஏதாவது ஆகி அவர் மயங்கிப் போனாலும், கீழிருந்து பொத்தானை அழுத்திக் கூடையை இறக்க வேண்டியவன் அவன். சொந்தக்காரனாக இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம் என்று அவர் கணக்கு.

அன்று கிடங்கின் கோடிச் சுவரோரம் விளக்கு மாட்டினார்கள். மாட்டி முடிந்தது. கூடையைத் தாழ இறக்கிக்கொண்டு, வண்டியைச் சுவரிலிருந்து விலக்கி அடுத்த விளக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கூடையோடு முழுசாகத் திரும்பி, சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். கை மஞ்சளுக்குப் போயிற்று. வழக்கப்படி கீழே எட்டிப் பார்த்தார். சுவருக்கு எதிர்ப்பக்கம், போகவேண்டிய பக்கம், நீல அம்பு இருந்தது. 'பார்த்தியா, கை எப்பவும் இப்படித்தான்' என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஹாரன் அடித்தார். கூடையின் தரையிலிருக்கும் பெடலை மிதித்து, கம்பை நீலத்துக்குத் தள்ளினார்.

வண்டி சுவரைப் பார்த்துப் போயிற்று.

ஒரு அலறல் கேட்டது. அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தால், சுவருக்கும் வண்டிக்கும் நடுவே, கேபிளைச் சுருட்டிய கையோடு மைத்துனன் பல்லியாக ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் ஷூவின் முனை சக்கரத்தடியில் இருந்தது. விரல் தப்பியது. ஹாரன் அவனுக்கும் கேட்டிருந்தது. வண்டி எதிர்ப்பக்கம்தானே போகப்போகிறது என்று குனிந்த தலையை நிமிர்த்தாமலே இருந்திருக்கிறான்.

கொக்கி அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொக்கியைக் கழற்றவே தெரியாமல் திணறியவரை நாலு பேர் இறக்கி, ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்ன அண்ணே, நீங்களே அம்பைப் பார்க்காம விட்டுட்டீங்களா?"

"பார்த்தேன் சார். அந்தப் பக்கம் நீலம் இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் தள்ளினேன்."

"வாங்க, பார்ப்போம்."

போய்ப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மஞ்சள். சுவர்ப் பக்கம் நீலம். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மைத்துனன் கேபிளை மறுபடி முதலிலிருந்து சுருட்டிக்கொண்டிருந்தான். கொக்கி அண்ணன் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சளேதான். அவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"ரெண்டு நாள் லீவ் எடுத்துக்குங்க அண்ணே" என்றார் சூப்பர்வைசர். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வீட்டில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பூட்டுக்குள் சாவி முதல் தடவை நுழையாவிட்டால், உடனே அப்பா ஞாபகம். அடுப்பின் குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யோசித்து யோசித்து, யோசித்ததாலேயே மறந்துபோனார். சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான் எந்தப் பக்கம் வருகிறது என்று தடவிப் பார்த்தார். ஒரு காலை நேரம் கண்ணாடி முன்னால் நின்று வலது கையைத் தூக்கினார். கண்ணாடியில் இருந்தவர் தூக்கியது எந்தக் கை என்று புரியாமல் திருதிருவென்று விழித்தார்.

"என்னங்க, கண்ணாடிக்கு சல்யூட்டா?" என்று சிரித்துக்கொண்டே வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் என்னென்னவோ கேட்டார். பின்னாலிருந்து எண்ணச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். கொக்கி அண்ணன் முள்ளும் எண்ணும் பிசகாமல் வரைந்தார். "உங்க தலைக்கு ஒண்ணும் இல்ல. போய் நல்லாத் தூங்குங்க" என்றார் டாக்டர்.

மனைவிக்கு உயிர் வந்தது. அவருக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போயிற்று. தலைக்கு ஒன்றும் இல்லையென்றால் அந்த நீலம் எங்கிருந்து வந்தது? கண்ணை மூடினால் இப்போதும் அந்தப் பக்கம் நீலம்தான் தெரிகிறது. போய்த் தொட்டுப் பார்த்தது மஞ்சள். இரண்டில் ஒன்று பொய். வண்டி பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொன்னது யார்? சுற்றிச் சுற்றி அவர் தலையிலேயே வந்து நின்றது.

லீவு முடிவதற்கு முந்தைய சாயங்காலம் மைத்துனன் சாப்பிட வந்தான். வாரம் ஒருமுறை வருவது வழக்கம். அன்றைக்கு அக்கா வற்புறுத்தித்தான் வந்தான். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றார் கொக்கி அண்ணன். "இனிமே நான் மேல ஏற மாட்டேன். சாமான் ரூம்ல ஏதாவது வேலை குடுங்கன்னு கேக்கப் போறேன்."

"டாக்டர்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரே" என்றாள் மனைவி.

"அப்பாவுக்கும் ஆரம்பத்துல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க. இல்லாத நீலம் என் கண்ணுக்குத் தெரியுது. அடுத்த தடவை உன் தம்பி செத்துட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?" அவர் அழுது அவள் பார்த்ததில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார்.

மைத்துனன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மாமா, நீலம் இருந்துச்சு."

"என்னடா?"

"அந்தப் பக்கம் நீலம்தான் இருந்துச்சு. நான்தான் மாத்தி ஒட்டினேன்." நிறுத்தினால் மறுபடி வராது என்பது போல மடமடவென்று சொன்னான். "முந்தின நாள் வண்டி கழுவினேன். கூடை பின்பக்கமாத் திரும்பி நின்னுச்சு. கூடை இருக்கற பக்கம்தான் முன்பக்கம்னு நெனச்சு நீலத்தை அங்க ஒட்டிட்டேன். வண்டி என் மேல வந்து நின்னப்புறம்தான் புரிஞ்சுச்சு. உங்களை எல்லாரும் இறக்கிக்கிட்டு இருந்தாங்க. யாரும் பார்க்கல. காலை உருவிக்கிட்டு வந்து, எடுத்து மாத்தி வெச்சிட்டேன். வேலை போயிடும்னு பயம், மாமா. ரெண்டு நாள் லீவோட முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

முதலில் கொக்கி அண்ணன் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "என் தலை நல்லாத்தான் இருக்கு! கேட்டியா? நல்லாத்தான் இருக்கு!" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து நின்றிருந்தார்.

"கண்ணாடி முன்னாடி நின்னு எது வலது கைன்னு தெரியாம முழிச்சேனேடா! எங்க அப்பா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேனேடா! நீ பக்கத்துல நின்னு கேபிள் சுருட்டிக்கிட்டு இருந்தே!"

மனைவி தம்பியைப் பார்த்தாள். "இவர் உன்னை நசுக்க இருந்தாரேன்னு நான் அழுதேன். நீ இவரையே நசுக்கிட்ட." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு கோபம் அவரை ஒரே பக்கமாகப் படுக்கவிடவில்லை. கோபத்துக்குள்ளும் குழப்பம். மாற்றி ஒட்டியது அவன். ஆனால் காந்தம் என்று யோசனை சொன்னது யார்? அந்த நாள் காலையில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிச் சோதித்தாரே, அப்போது கூடை நேராக இருக்கிறதென்று அம்பைப் பார்க்காமல் விட்டது யார்? கை மஞ்சள் என்றபோது கை சரி. கண் நீலம் என்றபோது கண்ணும் சரி. எல்லாமே சரியாக இருந்தும் ஒரு ஆள் சாக இருந்தான். இனி எதை நம்பிக் கம்பைத் தள்ளுவது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

மறுநாள் அவர் போவதற்கு முன்பே மைத்துனன் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். வாங்கிக் கட்டிக்கொண்டதில் முகம் சிவந்திருந்தது. பட்டறைக்காரர் வந்து காந்தத் தகடுகளைக் கழற்றி வீசிவிட்டு, ஓட்டிப் பார்த்து, புதுத் தகடுகளை ரிவெட் ஆணி அறைந்து பொருத்திக்கொண்டிருந்தார்.

"இவனை வெளியே அனுப்பலாம், இல்ல வேற எடத்துல போடலாம். நீங்க சொல்லுங்க அண்ணே, கீழ யார் நிக்கட்டும்?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

வேறு யாராவது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "அவனே நிக்கட்டும்" என்று வந்தது. மன்னித்துவிட்டாரா, மனைவிக்காகச் சொன்னாரா, பழக்கமா, ஒன்றும் அவருக்கே விளங்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கூடையில் ஏறி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

அதே கோடிச் சுவர். சுவருக்கு முதுகைக் காட்டி, முழுசாகத் திரும்பி நின்றார். கீழே பார்த்தார். போகவேண்டிய பக்கம் மஞ்சள், ஆணி அறைந்த மஞ்சள். கை மஞ்சள் என்றது, கண்ணும் மஞ்சள் என்றது. ஆனாலும் மறுபடி ஒருமுறை கீழே பார்த்தார். ஹாரன் அடித்தார். பெடலில் காலை வைத்து, கம்பைத் தொடுமுன், என்ன தோன்றியதோ, பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மைத்துனன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டிருந்த அதே இடம். கண் கலங்கியிருந்தது.

"தள்ளுங்க மாமா. நீங்க சரியாத்தான் தள்ளுவீங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றான்.

கொக்கி அண்ணன் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

"டேய் கிறுக்கா! முதல்ல அங்கிருந்து நகருடா! நான் சரியாத் தள்ளுவேன்னு உனக்கு யார் சொன்னா? எனக்கே தெரியாது." கிடங்கு முழுக்க எதிரொலித்தது. "முன்னாடி வா. என் கண்ணுக்குத் தெரியற எடத்துல நில்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்தான். அவன் வந்து எதிரே தள்ளி நின்று, தலையை நிமிர்த்திப் பார்க்கும்வரை, அவர் காலைப் பெடலில் வைக்கவே இல்லை.