முதலில் போனை வையுங்கள்: தராசுக் கடை மைதீன் பாய்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். எங்கள் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் மைதீன் பாயின் படம் வந்தது. அவர் இன்று விடியற்காலை காலமானார், ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று கீழே இரண்டு வரி. அனுப்பியவர் டீக்கடைக்காரர்தான். ஆனால் செய்திக்கு மேலே, வேறு எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டதற்கான அந்தச் சின்ன அம்புக்குறி இருந்தது.

அந்த அம்புக்குறியைக் கண்டால் நம்பக் கூடாது, விசாரிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியவரே மைதீன் பாய்தான். எங்களுக்குத் தெரிந்த விசாரணையும் ஒன்றே ஒன்று, பாய்க்குப் போன் போடுவது. ஆகவே சந்தில் இருந்த அத்தனை பேரும், பாய் இறந்தது உண்மையா என்று பாயையே கூப்பிட்டுக் கேட்டோம். நானும் கூப்பிட்டேன். நாலு முறை லைன் கிடைக்கவில்லை. ஐந்தாம் முறை அவருடைய மகள் ஷமீமா எடுத்தார்.

"ராசையா மாமா, நீங்களுமா? காலையில இருந்து வாப்பா போன் நிக்கவே இல்ல. எல்லாரும் வாப்பாவுக்கே போன் போட்டு வாப்பா நல்லாருக்காங்களான்னு கேக்காங்க. வாப்பா போனது நெசந்தான் மாமா."

எங்கள் சந்தில் அவரை அறியாதவர்கள் இல்லை. வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் மும்பை தாராவிக்கு வந்தவர். எடை போடும் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கிங்ஸ் சர்க்கிள் காய்கறிக் கடைகளிலிருந்து செம்பூர் மளிகைக் கடைகள் வரை, அவர் கை படாத தராசு குறைவு. மனைவி காலமாகி ஆறேழு வருடம் ஆகிறது. ஒரே மகள் திருமணமாகி நவி மும்பையில், நெருளில் இருக்கிறார். கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் பாய் தனியாக வாழ்ந்தார். அவருடைய கடைக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. நடுவே இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத சந்து. இருபத்திரண்டு வருடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம்.

நான் கடை போட்ட புதிதில் ஒரு மளிகைக்காரர் புது எலக்ட்ரானிக் தராசோடு அவரிடம் வந்தார். கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும்படி செய்து தர வேண்டுமாம். கேட்ட கூலியைத் தருவதாகவும் சொன்னார். பாய் தராசைத் துடைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "கெட்டுப்போன தராசைத்தான் நான் சரி பண்ணுவேன். நல்ல தராசைக் கெடுக்க வேற ஆளப் பாரும்."

அத்தோடு விட்டிருந்தால் அவர் மைதீன் பாய் அல்ல. மறுநாளிலிருந்து சந்தில் போகிற பெண்களிடமெல்லாம் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். சாமான் வாங்கப் போனால் ஒட்டுப் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை முதலில் தராசில் வைக்கச் சொல்ல வேண்டும். அது ஒரு கிலோவைவிடக் கணிசமாகக் கூட்டிக் காட்டினால் வேறு கடைக்கு நடையைக் கட்ட வேண்டும். "தெரிஞ்ச எடைய வச்சித்தான் தெரியாத தராச சோதிக்கணும்" என்பார். அந்த வருடம் அவருக்குப் பாதி வாடிக்கை போயிற்று. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கேஸ் அடுப்பு சோதனை கட்டாயம், டியூப் மாற்றாவிட்டால் கனெக்‌ஷன் ரத்து என்று என் மனைவி செல்வியை மிரட்டிக்கொண்டிருந்தான். செல்வி பர்ஸை எடுத்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த பாய் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வியிடம், "உங்க கேஸ் புக்க எடுத்துட்டு வாங்கம்மா. அதுல போட்டிருக்கிற நம்பருக்குப் போன் போட்டு இவரு பேரச் சொல்லிக் கேளுங்க" என்றார். செல்வி புத்தகத்தோடு திரும்புவதற்குள் வாசல் காலி.

"ஆளு தொங்கவிட்டிருக்கிற அட்டையப் பாக்காதீங்கம்மா. அந்த மாதிரி அட்டை உங்க வீட்டுக்காரரு கடையிலேயே அஞ்சு நிமிசத்துல அடிச்சிரலாம்" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான் சுருக்கென்றது.

ஆளுக்கொரு போன் வந்ததும் திருடர்கள் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டுப் பைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். இன்று மாலைக்குள் கரண்ட் கட் என்று மெசேஜ் வரும், பேங்க் கார்டு முடங்கிவிட்டது என்று போன் வரும். மிரண்டவர்கள் தராசுக் கடைக்குத்தான் ஓடுவார்கள். எதிரே இருப்பவர் பேச்சை முடிக்கும் முன்பே பாய் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "மொதல்ல போன வைங்க." வைத்த பிறகுதான் மற்றது. அவன் கொடுத்த எண்ணைக் கூப்பிடாதீர்கள், உங்கள் பில்லில், உங்கள் கார்டின் முதுகில் இருக்கிற எண்ணைக் கூப்பிடுங்கள். உங்களுக்குப் பணம் வர உங்கள் பின் நம்பர் எதற்கு? பின் நம்பர் கேட்டால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். யார் அவசரப்படுத்தினாலும் அவசரம் அவனுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

குழுவில் வரும் ஃபார்வர்டுகளையும் அவர் விட்டுவைக்க மாட்டார். சர்க்கரை நோயை மூன்று நாளில் விரட்டும் வேர் என்று ஒருவர் போட்டால், அடுத்த நிமிடம், அது பொய் என்று பாயின் பதில் வந்து நிற்கும். "போகஸ். எனக்குப் பதினாலு வருசமா சுகர். மாத்திரைய நிறுத்தாதீங்க." எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இருந்தும் அவர்களுக்குச் சட்டென்று தெரிந்த தமிழ்ச் செய்தி பாயின் 'போகஸ்'தான். ஆனால் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பொய்யர் ஆவது யாருக்கு இனிக்கும்?

இனி சொல்லப் போவதை அவருடைய அனுமதியோடும் ஷமீமாவின் சம்மதத்தோடும் எழுதுகிறேன்.

சென்ற வருடம் இலவசத் தையல் மெஷின் திட்டம் என்று ஒரு விண்ணப்பப் பாரம் எனக்கு வந்தது. ஆதார் நகலும் பதிவுக் கட்டணமும் சேர்த்து அனுப்ப வேண்டும். நான் பாரத்தை அச்சடித்து, ஒன்று பத்து ரூபாய் என்று விற்றேன். கடையில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். குழுவின் அட்மின் நான்தான், அதிலும் விளம்பரம் போட்டேன். மத்தியானம் பாய் எழுதினார்: "இது போகஸ். எந்த ஆபீஸ்னு பாரத்துல அட்ரஸ் இல்ல. ராசையா கடையில பாரம் வாங்காதீங்க."

எதிர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறார். நாலடி எடுத்து வைத்து என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபம் தலைக்கேறியது. அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு மூன்று பேர் கட்டை விரலைக்கூட உயர்த்திக் காட்டினார்கள்.

பத்து நாளில் அந்தத் திட்டக்காரர்களின் எண் அணைந்துவிட்டது. மெஷினும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. பாய் சொன்னதுதான் சரி என்று எல்லோருக்கும் தெரிந்தது, என்னைத் தவிர வேறு யாருக்கும் அதில் வெட்கமில்லை. அவரைத் திரும்பச் சேர்க்க ஒரு விநாடி போதும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வீம்பு.

பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. தம் போனை மேசை மேலிருந்த தராசுத் தட்டில்தான் வைப்பார். நூற்றுத் தொண்ணூறு கிராம் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். யாராவது கூப்பிட்டால் எடுப்பார், எண் பூஜ்யத்துக்குப் போகும். என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். முன்பெல்லாம் அது நாள் முழுக்கப் பூஜ்யத்துக்கும் நூற்றுத் தொண்ணூறுக்கும் அலைந்துகொண்டே இருக்கும். குழுவிலிருந்து நீக்கிய பிறகு ஜனங்கள் அவரிடம் கேட்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். அட்மின் ஒதுக்கியவரை நாம் ஏன் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம்தான். மூன்று வாரம் அந்தச் சிவப்பு எழுத்து அசையவே இல்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். அதற்கு முன் என்னைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டவர்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. புதன்கிழமையும் அப்படியே. உள்ளே விளக்கு எரிந்தது, மெல்லப் பேச்சுச் சத்தமும் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் போலும், நமக்கென்ன என்று இருந்தேன். தட்டவில்லை.

உள்ளே யாரும் வரவில்லை. போலீஸ் உடுப்பு போட்ட ஒருவன் அவருடைய போனுக்குள் இருந்தான். மைதீன் பாய் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீடியோ முன்னாலிருந்து நகர்ந்தால் கைது, வெளியே மூச்சு விட்டால் நெருளில் மகளும் மருமகனும் உள்ளே போவார்கள் என்று இரண்டு நாள் அவரைப் பிடித்து வைத்திருந்தான். ஹஜ்ஜுக்கென்று பாய் சேர்த்து வைத்திருந்தது முழுவதையும் 'சரிபார்க்க' என்று சொல்லி வாங்கிக்கொண்டு அணைந்தான்.

சனிக்கிழமை அவராகவே என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை.

"பாய், வீடியோவில எந்தப் போலீசும் கைது பண்ணாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னதே நீருதான வே?"

"மொத பத்து நிமிசம் போகஸுன்னு நல்லாத் தெரியும் வே. பெறவு அவன் என் பேர திரும்பத் திரும்பச் சொன்னான். மைதீன், மைதீன்னு. என் பேர்ல உள்ள ஆளு மேல இப்படி ஒரு கேசுன்னு வெளிய வந்தா, பொய்யின்னு சொல்ல எத்தனை பேரு இருப்பான்னு ஒரு நெனப்பு வந்திச்சி. அந்த நெனப்பு வந்த பெறவு எனக்கு எது தராசு, எது எடைன்னே தெரியாமப் போச்சு."

"எதிர்த்தாப்லதான இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

என் ஜெராக்ஸ் மெஷின் மூடியிலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "தோணல வே" என்றார்.

அன்றே அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன், புகார் கொடுத்தோம். பணம் போன உடனேயே சொல்லியிருந்தால் வழியிலேயே பிடித்து நிறுத்த வாய்ப்பு இருந்ததாம். வெட்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாட்களில் அது எங்கெங்கோ போய்விட்டது. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கிற வரைக்கும் இத யாருகிட்டயும் சொல்லாதேயும். போன பெறவு கண்டிப்பாச் சொல்லும். பேரப் போட்டே சொல்லும். தராசுக்கார மைதீனே ஏமாந்தான்னு தெரிஞ்சா, மத்தவங்க வெக்கப்படாம உடனே வந்து சொல்லுவாங்க."

சொல்லிவிட்டேன் பாய்.

அன்று மாலையே அவரைக் குழுவில் சேர்த்தேன். பாயைக் கேட்காமல் எதையும் நம்பாதீர்கள் என்றும் எழுதினேன். போன்கள் மறுபடி வரத் தொடங்கின. ஆனால் பாய் மாறியிருந்தார். குழுவில் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் 'போகஸ்' என்று எழுதவில்லை. பொய்யை அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். பதறிப் போன் செய்பவர்களிடம், "போன வைங்க" என்பதோடு இப்போது, "வச்சிட்டு இங்க வாங்க, டீ குடிப்போம்" என்பதும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் சொன்னார்: "ஆசையினால ஏமாறுதவன் கொஞ்சம் பேருதான் வே. பக்கத்துல கேக்க ஆளு இல்லாமத்தான் முக்காவாசிப் பேரு ஏமாறுதான்."

ஹஜ் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து அவருடைய கடைக்குத் திரும்பினோம். போன் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை மாமா, நீங்கள் பேசுங்கள் என்று ஷமீமா அதை என்னிடம் நீட்டினார். நீட்டும்போதே எதையோ பார்த்து நிறுத்தினார்.

"மாமா, வாப்பா ஒங்களுக்கு என்னமோ எழுதி, அனுப்பாம வச்சிருக்காங்க."

எதிரும் புதிருமாகக் கடை வைத்திருந்த நாங்கள் தனியாக மெசேஜ் எழுதிக்கொண்டதே கிடையாது. என் பெயருக்கு நேரே ஒரே ஒரு வரி அனுப்பப்படாமல் கிடந்தது.

"வே ராசையா, போலீசுன்னு ஒருத்தன் வீடியோவில நிக்கான். இது போகஸ்தான?"

தோணல என்று சொன்னாரே. தோன்றியிருக்கிறது. எழுதியும் இருக்கிறார். தம்மை நீக்கியவனுக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கி விரலை எடுத்திருக்கிறார். பிறகு நான் நோகக் கூடாது என்று அதை மறைத்தும் இருக்கிறார். பாதி ஷட்டருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவருடைய போனை நான் தராசுத் தட்டில் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எங்கள் சந்தில் பகலில் யார் கடை ஷட்டராவது பாதி இறங்கியிருந்தால் நான் போய்த் தட்டுகிறேன். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

பாய், நீர் கேட்டதற்கு எதிர்க் கடைக்காரன் பதில் இவ்வளவு தாமதமாக வருகிறது. ஆமாம் வே, போகஸ்தான். உம் மேல் எந்தக் கேசும் இல்லை. இருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். போனை வையும்.