இருபது நிமிடத்துக்கு ஒரு பனி

அந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள் மதியம் எப்போதும் பால் நிறம்தான். கூரைக்கு வெள்ளை பூசியிருப்பதால் வெயில்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே வரும். ஆர்க்கிட் பூ வளர்க்கும் பண்ணை அது. பதினேழு வருடமாக அங்கே வேலை பார்ப்பவளை எல்லோரும் பனிக்காரி என்றே கூப்பிடுவார்கள். புட்டி கழுவ வந்தவள், புட்டிக்குள் வளரும் நகக்கண் அளவு நாற்றுகளைப் பார்த்தபடி மெய்மறந்து நின்று திட்டு வாங்கியவள். கூரைக் குழாய்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பனிபோல நீர் தூவ வேண்டும் என்று வந்தபோது, யாரோ விட்டுப்போன புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டி, அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஸ்கிரிப்டைத் தானே எழுதினாள். மொத்தம் எட்டு வரி. எட்டு வருடம் பிசகாமல் ஓடியது.

போன வாரம் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். அதன் சிஸ்டமே வேறு. "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்கிரிப்டை ஓட்டினால், குழாயைத் திறக்கும் கட்டளை அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அது கையை விரித்தது. தேடிப் பார்த்ததில், அந்தக் கட்டளை வேறொரு ஃபோல்டருக்குள் இருந்தது. எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியலுக்குப் பாத் என்று பெயர். அந்தப் பட்டியலில் புது ஃபோல்டரையும் சேர்த்தாள். ஸ்கிரிப்டை ஓட்டக் கீபோர்டில் மூன்று முறை தட்டிப் பார்த்தாள், மூன்று முறையும் பெய்தது. அந்தத் தைரியத்தில்தான் இன்று காலை முந்நூறு நாற்றுகளைப் புட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பெய்ய வேண்டிய முதல் பனி பெய்யவில்லை. போய்த் தட்டினாள், பெய்தது. பன்னிரண்டு இருபதுக்கும் அதே கதை. அவள் தட்டினால் வரும், கம்ப்யூட்டரின் கடிகாரம் தானாக ஓட்டட்டும் என்று விட்டால் வராது. புட்டியை விட்டு வந்த முதல் நாள் நாற்றுக்கு ஒரு மணி நேரம் ஈரம் இல்லையென்றால் அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு அவளுக்குப் பேருந்து. மறுநாள் காலை தங்கைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. தங்கையின் முதல் பிரசவத்தன்று பம்பு கெட்டுப்போய் இவள் போகவில்லை. தங்கை அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் இவளுக்கு முள்ளாக இருந்தது.

இரண்டு மணிக்குத் தங்கையே போன் செய்தாள்.

"கிளம்பிட்டியாக்கா?"

"இன்னும் இல்லடி. கொஞ்சம் வேலை."

"செடிங்க விடாதே உன்னை" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பாத்துடணும். அவ்வளவுதான்."

இவள் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதலாளியைத் தட்டச் சொல்லலாம்தான். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருப்பதே நினைவில்லாத மனிதர் அவர். ஈரமும் வெளிச்சமும் கலந்த அந்த மயக்கத்தில், எட்டு வரியையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஒரு பிழையும் இல்லை. இரண்டரை, மூன்று. இலைகளிலிருந்து சொட்டும் சத்தத்தைக் கேட்டால், நேரமே கரைந்து சொட்டுவதுபோல் இருந்தது.

அப்போது முதலாளி தலையை நீட்டினார். "கத்திரி எங்கம்மா?"

அவள் ஏப்ரன் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"நேத்து நீ சாப்பிடப் போயிருந்தப்போ கூடம் முழுக்கத் தேடினேன். நீ இருந்தாத்தான் இங்க எதுவும் கிடைக்குது" என்றார். ஒரு காய்ந்த பூத்தண்டை வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் கத்திரியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு ஸ்கிரிப்டின் முதல் வரியில், நீ கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வை என்று சேர்த்தாள். தானே ஒருமுறை தட்டினாள். நீளமான பட்டியல் வந்தது. மூன்று இருபதுக்குக் கடிகாரம் ஓட்டியபோது, பட்டியலில் இரண்டே இரண்டு ஃபோல்டர்கள். அவள் சேர்த்தது அதில் இல்லை. அவள் உட்கார்ந்து தட்டும்போது மட்டும் கம்ப்யூட்டர் படிக்கும் கோப்பில் போய் அதை எழுதி வைத்திருக்கிறாள். அவள் இல்லாதபோது அந்த இயந்திரத்துக்குப் பாவம், எது எங்கே என்று யாருமே சொல்லவில்லை.

கட்டளை இருக்கும் இடத்தை முதல் ஃபோல்டரிலிருந்து கடைசிவரை ஸ்கிரிப்டுக்குள்ளேயே முழுதாக எழுதினாள். எழுந்தாள். கூடத்துக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கை தானாகத் தட்டப் போய்விடுமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்று நாற்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெல்ல வெள்ளையாகியது. முந்நூறு நாற்றுகளும் பனிக்குள் மறைந்தன. மனசு நிறைந்துபோனது. நாம் இல்லாமலே பெய்கிறதே என்று ஒரு ஓரத்தில் வலித்ததும் உண்மை. நான்கு மணிப் பனியையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

"கிளம்பிட்டேன்டி."

"நெஜமாவா?"

"வெளியதான் நிக்கிறேன். அது பாட்டுக்குப் பெய்யுது."

மறுமுனையில் தங்கை அழுதாள். இவள் அழ விட்டாள்.

ஏப்ரனைக் கழற்றினாள். பதினேழு வருடமாகப் பையிலேயே கிடந்த கத்திரியை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு முதலாளியிடம் போய் நின்றாள்.

"கூடத்துக்கு உள்ள நுழைஞ்சதும், கதவுக்கு வலது பக்கம், சுவிட்சுக்கு மேல ஒரு ஆணி. கத்திரி அதுல தொங்குது. நான் வர நாலு நாள் ஆகும்."